சேதமாகாத ஒரு விரல்கடை

என் மதினியின் நெஞ்சில் நான் ஒரு கோடு போட்டேன். ஈர்க்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, ஊதா மையில் தோய்த்து, கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். வாழ்க்கையில் நீ செய்த ஒரே ஒரு காரியத்தை அழித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், எதை என்று நான் யோசிக்கவே மாட்டேன்.

அறுபதுகளின் நடுவில் கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சராக இருந்தேன். இருப்பு அண்ணன் வீட்டில். அண்ணனுக்குக் கயத்தாறு போகிற பக்கம் கரிசல் நிலம் இருந்தது. பருத்தியும் கம்பும் போடுவார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அண்ணனுக்கு மதினி, மதினிக்கு அண்ணன், இரண்டு பேரையும் அதட்டுவதற்கு நான். எனக்கு வாய் நீளம். ஆள் குட்டை. மதினி எப்போதும்வென்றான் என்கிற ஊரில் பிறந்தவள். கூலியாட்களோடு நிரை பிடித்துப் பருத்தி எடுத்து வளர்ந்த உடம்பு. கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்துதான் உள்ளே வருவாள். என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'டீச்சரம்மா'தான். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

அந்த டீச்சரம்மாவுக்கு இருந்த கொழுப்பையும் சொல்லிவிடுகிறேன். ஜூனில் பள்ளி திறந்ததும் ஆறாம் வகுப்புக்கு முதல் பாடம் அளவுகள். கரும்பலகையில் சாண், முழம் என்று எழுதி அதன்மேல் பெரிதாகப் பெருக்கல் குறி போடுவேன். "ஆளுக்கு ஆள் மாறுகிற எதுவும் அளவு ஆகாது. ஸ்கேல் கொண்டுவராதவள் வெளியே நில்." பிள்ளைகள் நடுங்குவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

மதினிக்கு வலது மார்பில் கட்டி வந்ததை ஒரு வருஷம் மூடி வைத்திருந்தாள். என்னிடம் சொன்னது ஒரு சாயங்காலம், காய்ந்த பருத்தி மார்க்குச்சியை அடுப்புக்கு ஒடித்துக்கொண்டிருக்கும்போது. "ஏட்டி டீச்சரம்மா, குளிக்கையில கல்லு மாதிரி ஒண்ணு தட்டுது. வலிக்கல. வலிக்காததுக்கு என்னத்த சொல்லன்னு விட்டுட்டேன்." அடச்சீ, வலிக்காததுதான் மோசம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அவளை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் குச்சியை ஒடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் மார்பை முழுசாக எடுத்துவிட்டார்கள். புண் ஆறியதும் கரண்டு வைக்க வேண்டும் என்றார்கள். கதிர் வைப்பதை எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், வார்டு ஆயா முதற்கொண்டு. வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் இருபத்தைந்து தடவை. அதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க அவளை மேஜையில் படுக்க வைத்து, டேப்பு பிடித்து அளந்து, நெஞ்சில் ஊதா மையில் ஒரு பெரிய கட்டம் போட்டார்கள். கீழ்க்கோடு விலா எலும்பில், மேல்கோடு கழுத்தெலும்பின் மேலேயே. டாக்டர், அளப்பவர், படித்துக்கொண்டிருந்த இரண்டு பையன்கள், ஆக நாலு ஆண்கள். அவள் மேலே ஒரு துணி கிடையாது. அது அவர்கள் தப்பு இல்லை, வேலை அப்படி. ஆனால் புருஷன் எதிரில்கூட விளக்கை அணைத்துவிட்டு ரவிக்கை மாற்றுகிற பெண் அவள்.

"நாலு பேரும் நல்ல பிள்ளைகதான். மாட்டத் தரகுக்குப் பாக்க மாதிரி பாத்தாவ, அம்புட்டுத்தான்," என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கோடு அழியக் கூடாது, தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அழிந்தால் மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும்.

முதல் ஐந்து தடவை முடிந்தது. சனி, ஞாயிறு மிஷின் ஓடாது என்பதால் வீட்டுக்கு வரலாம் என்றார்கள். கூட்டி வரப் போனவள் நான். பஸ்ஸில் வரும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது. வார்டில் பொழுது போகாமல் இடது கையால் கட்டத்தை அளந்து பார்த்தாளாம். "கீழ்க்கோட்டுலருந்து மேல்கோட்டுக்கு ஒரு சாணும் ரெண்டு விரல்கடையும். நல்லா ஒரு பாத்தி அளவு வரும் ஏட்டி, வெங்காயம் நடலாம்."

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்த மிஷினு என்ன செய்யும்? சுடுமா?"

நான் வக்கணையாய் ஆரம்பித்தேன். உடம்பு என்பது பெரும்பாலும் தண்ணீரும் புரதமும். அமினோ அமிலம் என்று இருபது சொச்சம் வகை உண்டு. அவற்றைப் பாசிமணி மாதிரி வரிசையாகக் கோத்தால் புரதம். கோத்த மாலை சும்மா தொங்காது, தனக்கென்று ஒரு விதமாக மடிந்து சுருண்டிருக்கும். அந்த மடிப்பில்தான் அதன் வேலையே இருக்கிறது. கதிர் போய் மணியை உடைக்கும், மடிப்பைக் கலைக்கும். கலைந்தது திரும்ப மடியாது. "முட்டையின் வெள்ளைக்கரு இருக்கில்ல அண்ணா, வெந்த பிறகு அதத் திரும்பத் தண்ணியாக்க முடியுமா? அது மாதிரி. கட்டியின் வேர் எங்கன ஒட்டிக்கிட்டிருந்தாலும் அப்படி ஆக்கிவிடும்."

"நல்ல சதையும் சேந்து போகுமே?"

"நல்லது கொஞ்சம் கொஞ்சமாய்ச் சரிபண்ணிக்கும். கெட்டதுக்கு அந்தச் சாமர்த்தியம் கம்மி."

அண்ணன் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அவர் முட்டை சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எப்போதும்வென்றானிலிருந்து ஆள் வந்தது. மதினியின் தாய்மாமா இறந்துவிட்டார். அவளைத் தூக்கி வளர்த்த மாமா. போகாமல் இருக்க முடியாது. மதினிக்கு என்ன நோய் என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. வயிற்றில் ஏதோ ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தோம். அந்த நோயின் பெயரை வெளியே சொன்னால் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தனியாக வைத்துவிடுவார்கள், அந்தக் காலம் அப்படி. ரவிக்கைக்குள் பழந்துணியைச் சுருட்டி வைத்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வந்தாள். நானும் கூடப் போனேன்.

மாமாவை எடுத்துக்கொண்டு போன பிறகு பெண்களெல்லாம் கிணற்றடிக்குப் போனார்கள். துட்டி வீட்டிலிருந்து கிளம்புகிறவள் தலையோடு ஊற்றிக்கொண்டுதான் அடுத்த வாசல் மிதிக்க வேண்டும். தானே ஊற்றிக்கொள்வதும் இல்லை, ஒருத்திக்கு ஒருத்தி ஊற்றிவிடுவார்கள். நான் ஓரமாக நின்று ஏதாவது ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் என்று சொல்லலாமா? அதற்குள் மதினியின் அத்தை ஒருத்தி, "வா தாயி, ஒனக்கு நான் ஊத்துதேன்," என்று ஒரு குடத்தை அப்படியே அவள் தலையில் கவிழ்த்துவிட்டாள். இன்னொரு குடம். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரே சத்தத்தில் அடக்குகிற எனக்கு அங்கே வாய் வரவில்லை. மதினி என்னைத்தான் பார்த்தாள். வெளுத்த பழஞ்சேலையில் ஊதா இறங்கிக்கொண்டிருந்தது. அதை அவள் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். துக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறாள் என்று நினைத்து அத்தை இன்னும் சத்தமாக அழுதாள்.

வீடு வந்து சேர்ந்து துணியை விலக்கிப் பார்த்தோம். கீழ்க்கோடு மட்டும், சேலைக் கட்டுக்கு மேலே, மங்கலாக இருந்தது. பக்கக் கோடுகளின் அடிப்பாகம் கொஞ்சம் தெரிந்தது. மேலே ஒன்றும் இல்லை.

"நாளைக்குப் போய் உள்ளதச் சொல்லிருவோம். திரும்ப அளப்பாவ. அம்புட்டுத்தான மதினி."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னால முடியாது. திரும்பவும் அந்த மேசையில, அத்தன பேருக்கு முன்னால... என்னால முடியாது ஏட்டி. நான் மதுரைக்கே வரல. இப்படியே போறேன், போனாப் போகுது உசுரு." அழுதாள். கட்டியை அறுத்தபோது அழாதவள், இதற்கு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நீ படிச்சவதான? நீ வரஞ்சு விடு. மை எல்லாக் கடையிலயும் விக்கி."

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால், அவள் அழுதது எனக்குத் தாங்கவில்லை. இன்னொன்றும் உண்டு. உண்மையைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன். என்னால் முடியும் என்று நினைத்தேன். கட்டம் போடுவது என்ன பெரிய வித்தை, நான் பி.எஸ்ஸி. என்று நினைத்தேன். படிச்சு என்னத்தக் கிழிச்சேன்!

மருந்துக்கடை பாயிடம் போய் ஊதா மருந்து ஒரு சீசா கேட்டேன். "யாருக்கு டீச்சர் வாய்ப்புண்ணு? ஒங்களுக்கா? சத்தம் போட்டுச் சத்தம் போட்டு வெந்திருக்கும்," என்று சிரித்தார். எனக்குத்தான் என்றேன்.

மதினி பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். இடது கையை மடக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். வலது கை ஆபரேஷனுக்குப் பிறகு சரியாகத் தூக்க வராது. வாசலில் அண்ணன் காவல் மாதிரி உட்கார்ந்திருந்தார். மிச்சமிருந்த கீழ்க்கோட்டை முதலில் புதுப்பித்தேன். பக்கக் கோடுகளை மேலே இழுத்தேன். மேல்கோடு எங்கே என்பதுதான் கேள்வி. கழுத்தெலும்பின் மேலேயே இருந்ததாக ஒரு ஞாபகம். கீழே இருந்ததாகவும் ஒரு ஞாபகம்.

"ஒரு சாணும் ரெண்டு விரல்கடையும்," என்றாள் கண்ணைத் திறக்காமல்.

கட்டைவிரலைக் கீழ்க்கோட்டில் ஊன்றிக் கையை விரித்தேன். சுண்டுவிரல் தொட்ட இடத்துக்கு மேல் இரண்டு விரலைப் படுக்க வைத்தேன். அங்கே கோடு போட்டேன். அழகான, நேரான கோடு. கழுத்தெலும்புக்கு ஒரு விரல் கீழே இருந்தது. அளவு சொல்கிறதே, ஞாபகம்தான் தப்பு என்று முடிவு கட்டினேன். விசிறியால் வீசி மையைக் காயவைத்தேன்.

திங்கட்கிழமை மிஷின்காரர் கோட்டைப் பார்த்தார், கோட்டுக்குள் வெளிச்சத்தை அடைத்தார், வெளியே போய்க் கதவை மூடினார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மதினி வெளியே வந்து என் கையைக் கிள்ளினாள். "பாஸாயிட்ட டீச்சரம்மா."

மிச்சம் இருபது தடவையும் அந்தக் கட்டத்துக்குள்தான் விழுந்தது.

கடைசி வாரங்களில் தோல் சிவந்து, உரிந்து, நீர் கசிந்தது. ரவிக்கை போட முடியாமல் வாழையிலையைப் போட்டுப் படுத்திருந்தாள். பிறகு ஆறியது, ஆறி, கருகின ரொட்டி மாதிரி கறுத்தது. நாளாக நாளாக அந்த இடம் விறைத்துக்கொண்டே வந்தது. தோலுக்கு அடியில் நாராக இருந்து அதை இழுத்துப் பிடிக்கிற புரதம் ஒன்று உண்டு. கதிர் பட்ட இடத்தில் அது கண்டபடி வளர்ந்து, இழைக்கு இழை பின்னிக்கொண்டு, தோலை வார் மாதிரி இறுக்கிவிடும். வலது கை வீங்கியது. அதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கெட்டது வெந்துபோச்சுல்லா, அது போதும்," என்பாள். ஒற்றைக் கையால் பருத்தி எடுக்கப் போனாள். ஏசினேன். கேட்கவில்லை.

எண்ணெய் தடவிவிடும்போது நான் அதைப் பார்த்தேன். கறுத்த கட்டத்துக்கு மேலே, கழுத்தெலும்பை ஒட்டி, ஒரு பட்டை. ஒரு விரல் அகலம். லேசாக நிறம் மாறியிருந்தது, அவ்வளவுதான். முதல் ஐந்து நாள் பட்டதோடு சரி. மற்றபடி மெத்தென்று நல்ல தோலாக இருந்தது. டாக்டர்கள் எப்போதும் கூடுதலாகத்தான் அளந்திருப்பார்கள், ஒரு விரலில் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எண்ணெயைத் தடவி முடித்தேன்.

மறு வருஷம் பருத்தி வெடித்த சமயம், அந்தப் பட்டையில் மூன்று முடிச்சுகள் வந்தன. துவரம்பருப்பு அளவு. கறுத்த இடத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அந்தப் பட்டையில் மட்டும், நாற்று நடுவை போட்ட மாதிரி வரிசையாக.

டாக்டர் வெகுநேரம் அதைப் பார்த்தார். பழைய சீட்டை எடுத்துப் புரட்டினார். மறுபடி பார்த்தார். "இந்த இடத்துல மட்டும் ஏம்மா கறுக்கல? இதுவும் கட்டத்துக்குள்ள வர்ற இடம்தான?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்ல வேண்டியவள் நான். மதினி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு என்ன தெரியும் அய்யா, நீங்க போட்டதுதான்," என்றாள். அவர் முகம் சுருங்கியது. தன் ஆட்களில் யாரோ தப்பு பண்ணிவிட்டதாக நினைத்திருப்பார். அந்தப் பழியையும் அவர்கள் தலையில் போட்டுவிட்டு, நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனுஷ ஜென்மமா நான்? பல தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பட்டைக்கு மறுபடி கரண்டு வைத்தார்கள். நோய் நெஞ்சுக்குள்ளே போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள்.

அந்த நாட்களில் நான் படித்த கல்லூரி நூலகத்தில் போய் உட்கார்ந்து படித்தேன். யார் மேலாவது பழியைப் போட வழி கிடைக்குமா என்று தேடினேனோ என்னவோ. அண்ணனிடம் நான் சொன்ன முட்டைக் கதை அரைகுறை என்று தெரிந்தது. கதிர் சுடுவதில்லை. புரதத்தை அது நேராகப் போய் உடைப்பதும் கொஞ்சம்தான். உடம்பில் எங்கும் இருக்கிறதே தண்ணீர், அதைத்தான் முதலில் பிளக்கிறது. பிளந்த துண்டுகள் கண்ணிமைக்கிற நேரம்கூட உயிரோடு இருப்பதில்லை. அதற்குள் பக்கத்தில் எது அகப்படுகிறதோ அதிலிருந்து பிடுங்கிக்கொள்கின்றன. கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் முதலில் மாட்டும், வளையம் உள்ளவை அடுத்து. மாலை அறும், அல்லது சேரக்கூடாத இரண்டு மாலைகள் ஒட்டிக்கொள்ளும். இதே புரதம் உலர்ந்த பொடியாக இருந்தால் எவ்வளவோ தாங்கும், கரைசலில் இருந்தால் சீக்கிரம் போய்விடும் என்று எழுதியிருந்தது. உயிரணுவைச் சாகடிப்பது புரதம் உடைவது மட்டும் இல்லை, அதன் கருவுக்குள் இருக்கிற இழை அறுவதுதான் முக்கியம் என்று இன்று பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இருக்கட்டும்.

நான் புத்தகத்தை மூடிவிட்டு நினைத்தது ஒன்றுதான். இவ்வளவு நாசமும் அவளைக் காப்பாற்றுவதற்காக ஏவிவிட்ட நாசம். அது நான் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் முழுக்க நடந்தது. அந்தப் பக்கம் ஒரு விரல்கடை அகலத்தில், ஒரு மணி உடையாமல், ஒரு மடிப்புக் கலையாமல், கெட்டது சௌக்கியமாக இருந்திருக்கிறது. ஆனாலும், அளவு ஏன் தப்பியது என்பது மட்டும் அப்போதும் என் மண்டையில் ஏறவில்லை. அவள் சொன்னதைத்தானே போட்டேன்?

சித்திரை மாதம். அனல் அடித்தது. மதினி படுத்த படுக்கை. மூச்சு பாதியில் நின்று நின்று வரும். அண்ணன் வில்வண்டி கட்டி ஐஸ் வாங்கப் போயிருந்தார். பகல் பதினொரு மணி இருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் இடது கைக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். கை எலும்பும் தோலுமாக இருந்தாலும் நீளம் குறையவில்லை.

"ஏட்டி டீச்சரம்மா, ஒங் கையக் காட்டு."

காட்டினேன். இடது உள்ளங்கையை என் உள்ளங்கையோடு சேர்த்து வைத்தாள், பிள்ளைகள் விளையாடுகிற மாதிரி. "இம்புட்டுக்காணும் கையா ஒனக்கு? இத வச்சுக்கிட்டா பள்ளிக்கூடத்தையே மெரட்டுத," என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்கியது.

நான் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விரல்கள் என் விரல்களுக்கு மேலே எட்டிக்கொண்டு நின்றன. அப்புறம் இரண்டு பேரும் விரித்தோம். யார் முதலில் விரித்தது என்று தெரியவில்லை. கட்டைவிரலும் கட்டைவிரலும் ஒட்டியிருக்க, அவள் சுண்டுவிரல் என்னுடையதைத் தாண்டிப் போய் நின்றது. சரியாக ஒரு விரல்கடை.

அவள் சாண். என் கை. ஸ்கேல் அன்றைக்கு என் பள்ளிக்கூடப் பையிலேயே, அந்த அறையிலேயே, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்கேல் இருந்தும் பிரயோசனம் இல்லை என்று இப்போது சிலர் சொல்லலாம், அளந்தது அவள் கைதானே என்று. அவள் கையைப் பிடித்து விரித்து வைத்தாலே போதுமாயிருந்தது. எனக்குத் தோன்றவில்லை.

மதினி எல்லாவற்றையும் என் முகத்தில் படித்துவிட்டாள். அவள் விரல்களை மடக்கி என் விரல்களின் மேல் மூடிக்கொண்டாள். இறுக்கிப் பிடிக்கிற தெம்பு இல்லை, சும்மா மூடிக்கொண்டாள்.

"ஒங்க அண்ணங்கிட்ட இதச் சொல்லிராத. அவிய தாங்க மாட்டாவ." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "ஒன்னையும் வீட்ட விட்டுப் போகச் சொல்லிருவாவ. பெறகு அவியளுக்கு யாரு இருக்கா?" என்றாள்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தாள். அந்த ஒன்பது நாளும் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஏதாவது நல்லது சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

அண்ணனிடம் சொல்லவில்லை. அவர் அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் இருந்தார். நான்தான் சோறு போட்டேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் பண்ணின தப்பு என்று கடைசிவரை திட்டிக்கொண்டிருந்தார். நான் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த ஜூனில் பள்ளி திறந்தது. ஆறாம் வகுப்புக்கு முதல் பாடமான அளவுகளை எடுக்கும்படி பக்கத்து வகுப்பு டீச்சரைக் கேட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டார். தொண்டை சரியில்லை என்றேன்.